சலூன்காரருக்குக் காது போன கதை

சலூன்காரருக்கு இரண்டு காதும் போய்விட்டதாம். இதை முதலில் சொன்னது யார் என்று கேட்டால் தெருவில் ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் விஷயம் தெரியாதவரும் ஒருவர்கூட இல்லை. "நரம்பே செத்துப்போச்சு, அதுக்கெல்லாம் என்கிட்ட மாத்திரை கிடையாது" என்று பக்கத்து மருந்துக்கடைக்காரர் கையை விரித்தார். மாடியில் பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் நர்ஸம்மா, "காதுல மிஷின் வச்சிருக்காரு, நான் என் கண்ணால பார்த்தேன்" என்றார். அடுத்த ஆள் வாய்க்குப் போவதற்குள் கதைக்குக் கைகால் முளைத்துவிட்டது. "பொண்ணுக்குக் கல்யாணம் கூடி வருதுல்ல, அதான் மூடி மறைக்கிறாங்க. சம்பந்தி வீட்டுக்கு விஷயமே தெரியாதாம்." சொன்னவர்கள் எல்லாரும் கடைசியில் மறக்காமல், "நமக்கெதுக்குங்க ஊர் வம்பு" என்று சேர்த்துக்கொண்டார்கள்.

நடந்தது வேறு. அதை உள்ளது உள்ளபடி சொன்னாலே வம்பைவிட ருசியாக இருக்கும் என்பதால் ஒன்றையும் கூட்டாமல் சொல்லிவிடலாம். கூட்டினாலும் உப்பு அளவுக்குத்தான்.

சலூன்காரருக்கு ஒரே மகள். லிஃப்ட் கம்பெனியில் வேலை. கெட்டிக்காரி, சிரித்த முகம், வீட்டில் அப்பாவுக்கு அதிகாரி, அம்மாவுக்கு மாமியார். ஒரே ஒரு குணம்தான். கோபம் வந்தால் கத்த மாட்டாள். கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள். போனவளை அப்படியே விட்டுவிட வேண்டும். கதவைத் தட்டினால் தொலைந்தது கதை. தட்டத் தட்டக் கோபம் ரப்பர் மாதிரி நீளும்.

அம்மாக்காரி பல வருஷம் தட்டிப் பார்த்தவர். கெஞ்சியும் தட்டினார், மிரட்டியும் தட்டினார். வழியைக் கண்டுபிடித்தது சலூன்காரர்தான், அதுவும் தெரியாத்தனமாக. ஒருநாள் கடையிலிருந்து வந்தவர், வீட்டில் போர் நடப்பது தெரியாமல் அடுப்பில் கெட்டிலை வைத்துவிட்டுக் கைகால் கழுவப் போய்விட்டார். மூக்கில் விசில் வைத்த பழைய கெட்டில். அது கூவியதும் அறைக்கதவு தானாகத் திறந்தது. மகள் வந்து, அடுப்பை அணைத்து, டீ போட்டு, "அப்பா, உங்களுக்குச் சர்க்கரை எவ்ளோ?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அதுதான் சட்டம். தட்டக் கூடாது, ஏன் என்று கேட்கக் கூடாது, கெட்டிலை வைத்துவிட்டு விலகிப் போய்விட வேண்டும்.

இப்படிப்பட்டவள் கட்டிக்கொள்ளப் போகும் பையனோ, எதையும் பேசித் தீர்த்துவிடலாம் என்று நம்புகிறவன். அதே கம்பெனியில் வேலை பார்ப்பவன். தங்கமான பையன். தமிழ் மட்டும் சுத்தமாகத் தெரியாது. அவன் வீட்டில் எல்லாருக்கும் இங்கிலீஷ்தான். ஒருமுறை இருவருக்கும் ஏதோ சின்ன உரசல். மகள் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினாள். பின்னாலேயே ஓடி வந்த பையன் கதவுக்கு வெளியே நின்று தட்ட ஆரம்பித்தான். தட்டுவான், பேசுவான், மறுபடி தட்டுவான். சலூன்காரர் கையைப் பிடித்து இழுத்தார், வாயில் விரலை வைத்துக் காட்டினார், கெட்டிலைத் தூக்கிக்கூடக் காட்டினார். பையன் அதைப் பார்த்து, "நோ டீ, தேங்க்யூ அங்கிள்" என்று சொல்லிவிட்டு மறுபடி தட்டினான். அந்தத் தட்டலில் கல்யாணமே வேண்டாம் என்கிற எல்லைவரை போய்விட்டுத்தான் திரும்பி வந்தது விஷயம்.

அதிலிருந்து சலூன்காரருக்கு வயிற்றில் ஒரு கல். கல்யாணத்துக்குப் பிறகு மகள் போகப் போவது அந்த வீட்டுக்கு. அங்கே கதவு சாத்தும், இவன் தட்டுவான். ஒருநாள் இல்லை ஒருநாள் சாத்திய கதவு சாத்தினபடியே நின்றுவிட்டால்?

"நீயே அவன்கிட்டச் சொல்லிடேம்மா, தட்டாதேன்னு" என்று மகளிடம் சொல்லிப் பார்த்தார்.

"ஏம்ப்பா, நான் என்ன குக்கரா? எப்ப மூடியத் திறக்கணும்னு எழுதி ஒட்டி அனுப்ப?"

சரி, பையனின் அப்பாவிடம் சொல்லலாம், பெரிய மனிதர், மகனை அடக்குவார் என்று நினைத்தார். சம்பந்தி டயர் கடை வைத்திருப்பவர். போனில் முகம் பார்த்துப் பேச ஏற்பாடானது. மகள் நடுவில் உட்கார்ந்து பாஷையை மாற்றி மாற்றிச் சொன்னாள். சலூன்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மகளின் கோபம், கதவு, கெட்டில் என்று மூச்சு விடாமல் கொட்டினார். மகள் போனைப் பார்த்துச் சிரித்தபடி இரண்டே வார்த்தை சொன்னாள். சம்பந்தியும் சிரித்துக் கையை ஆட்டினார்.

"என்னடி இது? நான் அண்டாவுல ஊத்துறேன், நீ அந்தப் பக்கம் கரண்டியில தர்ற?"

"இங்கிலீஷ்ல சுருக்கமா சொன்னாலே போதும்ப்பா."

"அவர் எதுக்குச் சிரிச்சாரு?"

"உங்களைப் பார்த்தா நல்ல மனுஷனாத் தெரியுதாம்."

அங்கேதான் சலூன்காரருக்கு உறைத்தது. இந்த விஷயம் மகள் வாய் வழியாகப் போய்ச் சேராது. வேறு ஆளை வைத்தும் சொல்ல முடியாது. தெருவில் ஓரளவு இங்கிலீஷ் தெரிந்தவர் பேப்பர் மாமா. சலூனில் ஓசிப் பேப்பர் படிப்பதற்கென்றே தினமும் வருகிறவர். தலையில் வெட்ட ஒன்றும் கிடையாது. இருக்கிற முடியெல்லாம் காதுக்குள் குடியேறிவிட்டது. அவரிடம் சொன்னால் சம்பந்திக்குப் போவதற்கு முன் மாவு மில் வரைக்கும் போய்விடும். போனில் பேசினால் இங்கிலீஷில் மாற்றிச் சொல்லும் சமாச்சாரம் ஒன்று இருப்பதாக மருந்துக்கடைக்காரர் சொன்னார். "பெத்த பொண்ணு குணத்தை ஒரு மிஷின் வாயாலயா சொல்றது?" என்று அதையும் தள்ளிவிட்டார். சம்பந்தி நேரில் வரும்போது தானே, தன் வாயாலேயே சொல்லிவிடுவது என்று முடிவு.

முடிவெல்லாம் சரிதான், இங்கிலீஷுக்கு எங்கே போவது? ஷாம்பூ பாட்டிலில் இருக்கும் எழுத்தை எழுத்துக் கூட்டிப் படிப்பார். அதோடு சரி. மகளிடமே வாயைக் கிளறினார்.

"கடைக்கு வர்ற ஒருத்தர் கேட்டாரும்மா. நீ எப்படி இங்கிலீஷ் பிடிச்ச?"

"படம் பார்த்துத்தான்ப்பா. கீழே எழுத்து ஓட விட்டுப் பார்த்தேன். ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கச் சொல்லுங்க. ஒவ்வொரு வார்த்தைக்கும் நிறுத்தக் கூடாது. படத்தைப் பார்த்தா பாதி புரியும், மீதியைக் குத்துமதிப்பா பிடிச்சுக்கணும்."

பாடம் நடத்துகிறோம் என்பதே தெரியாமல் பாடம் நடத்தினாள் பாவம்.

சலூனில் ஒரு டி.வி. உண்டு. பின் சுவரில், கண்ணாடி வழியாக வாடிக்கையாளர் பார்க்கும்படி மாட்டியது. மேலே பல் டாக்டர், பிடுங்கும் நேரத்தில் பாட்டுச் சத்தம் கேட்டால் நோயாளிகள் துள்ளுகிறார்கள் என்று சண்டைக்கு வந்ததிலிருந்து சத்தத்தை அணைத்தே வைத்திருப்பார். அதில் ஒரு இங்கிலீஷ் தொடரைப் பிடித்தார். பெரிய பங்களா, ராத்திரியில் கொலை, ஒரு போலீஸ்காரம்மா. கீழே எழுத்தை ஓட விட்டார். கண்ணாடியில் பார்த்தால் எழுத்தெல்லாம் இடவலம் மாறி ஓடியது. திரும்பிப் பார்த்தால் கத்தி நழுவியது. மருந்துக்கடைக்காரரின் ஒரு பக்கக் கிருதா மற்றதைவிட ஒரு விரற்கடை மேலே போனது அந்த வாரத்தில்தான். உடனே டி.வி.யைக் கழற்றிக் கண்ணாடிக்கு மேலே மாட்டிவிட்டார். இப்போது வேலையும் பார்க்கலாம், படிக்கவும் படிக்கலாம்.

தெரு இதைக் கவனிக்காமல் இருக்குமா? "சத்தமே வைக்காம எழுத்தைப் படிச்சுக்கிட்டு நிக்கிறாரே" என்று பேப்பர் மாமா முதல் புள்ளியை வைத்தார்.

கொஞ்ச நாளில் சலூன்காரருக்கு ஒரு சந்தேகம். ஒரு வார்த்தையை மகள் முன்னால் சும்மா உதிர்த்துப் பார்த்தார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, அதை எழுதியிருக்கிற மாதிரியெல்லாம் சொல்லக் கூடாது. காதாலயும் கேக்கணும், கண்ணாலயும் படிக்கணும், அப்பத்தான் ஒட்டும்னு உங்க ஆள்கிட்டச் சொல்லுங்க." சத்தம் வேண்டும், ஆனால் பல் டாக்டர் விட மாட்டார். மகள் தூக்கிப்போட்ட ஒயர் இல்லாத இயர்போன் ஒன்று மேஜை டிராயரில் கிடந்தது. ஜோடியில் ஒன்று தொலைந்து ஒற்றையாகக் கிடந்தது. அதை எடுத்து வலது காதில் மாட்டிக்கொண்டார். நர்ஸம்மா பார்த்த மிஷின் இதுதான்.

இன்னொரு பழக்கமும் வந்து சேர்ந்தது. தொடரில் பேசுகிறவர்களின் வாயைப் பார்த்துப் பார்த்து, கடைக்கு வருகிறவர்களின் வாயையும் உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். போதாதா? "உதட்டைப் பார்த்துத்தான் புரிஞ்சுக்கிறாரு" என்று தெரு தீர்ப்பெழுதிவிட்டது. அதற்கப்புறம் வந்தவர்கள் எல்லாம், "அண்ணே! ஷேவிங்! ஷே! விங்!" என்று பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும்படி கத்தினார்கள். தங்களுக்குள் பேசும்போதோ, எதிரில் நாற்காலி நிற்கிறது என்கிற நினைப்பில் சகலத்தையும் பேசினார்கள். யார் வீட்டு மருமகள் யார் வீட்டுப் பாத்திரத்தைத் திருப்பித் தரவில்லை, சலூன்காரர் வீட்டு டீ எப்படிக் கழுவின தண்ணி மாதிரி இருக்கும், எல்லாம். மறுத்துச் சொல்ல வாயெடுத்தார்தான். ஆனால் காது கேட்கும் என்று சொன்னால் காதில் என்ன என்பார்கள். இங்கிலீஷ் என்று சொன்னால், "எங்க, ஒண்ணு பேசிக் காட்டுங்க" என்று குரங்காட்டி வேலை நடக்கும். தவிர, செவிடனுக்கு யாரும் பதில் கேட்பதில்லை. அது ஒரு சுகமாகத்தான் இருந்தது.

படிப்பில் ஒரு கோளாறு நடந்தது. தொடரில் வருகிறவர்கள் ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிற மாதிரி பேசினார்கள். எழுத்து வந்த வேகத்தில் போய்விட்டது. ஆனால் கதவு சத்தம் போட்டால், கதவு சத்தம் போடுகிறது என்றும் கீழே எழுதிக் காட்டினார்கள். காது கேளாதவர்களுக்காகப் போடுகிற எழுத்து அது. இடி இடித்தால் இடி. காலடி கேட்டால் காலடி நெருங்குகிறது. அந்த எழுத்து நின்று நிதானமாக இருந்தது, கூடவே சத்தமும் காதில் விழுந்தது. அது எதுவென்று ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விளைவு, "நல்லா இருக்கீங்களா" என்று கேட்கத் தெரியாத மனிதருக்கு டோர் ஸ்லாம்ஸ், ஃபுட்ஸ்டெப்ஸ் அப்ரோச்சிங், தண்டர், எல்லாம் தண்ணீராக வந்தது. ஆபத்து நெருங்கும்போது பின்னால் ஒரு இசை வருமே, அதற்கு டென்ஸ் மியூசிக்.

வீட்டுக்காரிக்கும் தெருப்பேச்சு போய்ச் சேர்ந்தது. சோதித்துவிடுவது என்று, கணவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் நேரம் பார்த்து ஒரு பித்தளைச் சொம்பைத் தரையில் போட்டார்.

"மெட்டல் க்ளாங்ஸ்" என்றார் சலூன்காரர், திரும்பாமலே.

அம்மா ஆடிப்போய்விட்டார். "ஐயோ, காதுதான் போச்சுன்னாங்க. மூளையுமா?"

பிறகு என்ன, எல்லாவற்றையும் ஒப்பித்தாக வேண்டியதாயிற்று. கேட்டுவிட்டு அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "கதவு, இடி, சொம்பு. இதை வச்சுக்கிட்டு சம்பந்திகிட்ட என்னத்தைங்க பேசுவீங்க? அவர் வீட்டுல பேய் ஓட்டப் போறீங்களா?"

"இருக்கிறதை வச்சுத்தாண்டி சமைக்கணும்."

"அதைத்தான் நானும் தினம் சொல்றேன், நீங்கதான் மூஞ்சியத் தூக்குறீங்க."

சம்பந்தி வீட்டார் ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். சாயங்காலம் எல்லாரும் சேர்ந்து சாப்பாடு. பிரயாணத்தில் முகமெல்லாம் முள்ளாக இருக்கிறது, ஒரு ஷேவிங் செய்துகொண்டால் தேவலை என்றாராம் சம்பந்தி. மகளே கடைக்கு அழைத்து வந்தாள். நல்ல பருத்த உடம்பு, கலகலப்பான முகம். நாற்காலியில் உட்கார்ந்ததும் நாற்காலி முனகியது.

"அப்பா, நான் போய் அத்தையை நம்ம வீட்டுல விட்டுட்டு இதோ வந்துடுறேன். அதுவரைக்கும் நீங்க ஒண்ணும் பேச வேண்டாம், சிரிச்சுக்கிட்டே இருங்க போதும்."

சலூன்காரர் சிரித்துக் காட்டினார். மகள் போனாள். இத்தனை நாள் காத்திருந்த நேரம் இதுதான். துண்டைப் போர்த்தி, நுரையைக் குழைத்துத் தடவினார். கை பாட்டுக்கு வேலை செய்தது. எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்றுதான் பிடிபடவில்லை.

அதற்குள் மூலையில் பேப்பர் அசைந்தது. பேப்பர் மாமா எழுந்து நாற்காலிப் பக்கம் வந்து, சம்பந்தியின் காதருகே குனிந்து, தன் காதைத் தொட்டுக் காட்டித் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார். "ஹீ... டெஃப். நோ ஹியர். வெரி பாவம்." சொல்லிவிட்டு ஊருக்கு ஒரு நன்மை செய்த திருப்தியோடு போய் உட்கார்ந்தார்.

சம்பந்தியின் முகம் நுரைக்குள்ளேயே வாடிப்போனது. சலூன்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, பரிதாபமாகத் தட்டிக்கொடுத்தார். பிறகு கைகளைக் கூப்பி, நெஞ்சில் வைத்து, என்னென்னவோ ஜாடை காட்டினார்.

சலூன்காரருக்கு மானம் போனது. இயர்போனைப் பிடுங்கிக் கண்ணாடி ஓரம் வைத்தார். சவரக்கத்தியைப் பிரித்து, சம்பந்தியின் தாடையை நிமிர்த்தி, கழுத்தில் வைத்து, இனி இவர் அசைய மாட்டார் என்று உறுதியான பிறகு வாயைத் திறந்தார். முதலில் எது வர வேண்டுமோ அது வரவில்லை. மனதில் இருந்ததுதான் வந்தது.

"டென்ஸ் மியூசிக்" என்றார்.

கழுத்தில் கத்தியோடு சம்பந்தியின் கண் இரண்டும் கோழி முட்டை மாதிரி விரிந்தது.

"நோ, நோ" என்று சலூன்காரர் கத்தியை விலக்கினார். மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டார். தன் நெஞ்சைத் தொட்டார். "மை டாட்டர். ஆங்ரி. டோர் ஸ்லாம்ஸ்." பக்கத்து அலமாரிக் கதவைப் படாரென்று சாத்தியும் காட்டினார். "சைலன்ஸ். லாங் சைலன்ஸ்." விரலை உதட்டில் வைத்தார். "யுவர் சன், நாக்கிங். நாக்கிங், நாக்கிங்." அலமாரியைத் தட்டினார். "டாட்டர், மோர் ஆங்ரி. தண்டர்." தலையை ஆட்டி, கைகூப்பினார். "நோ நாக்கிங். ப்ளீஸ். கெட்டில் விசில்ஸ். யுவர் சன், கோ அவே. தென்..." காலால் தரையில் மெதுவாகத் தட்டித் தட்டி வந்தார். "ஃபுட்ஸ்டெப்ஸ் அப்ரோச்சிங். டாட்டர் லாஃப்ஸ்."

பேப்பர் மாமா கையில் பேப்பர் தலைகீழாக இருந்தது.

சம்பந்தியின் வயிறு முதலில் குலுங்கியது. பிறகு தோள். பிறகு நுரை நாலாபக்கமும் தெறிக்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்துத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார்.

"மை வைஃப்," என்றார், "சேம். டோர் ஸ்லாம்ஸ்." அலமாரிக் கதவை அவரும் ஒருமுறை சாத்திக் காட்டினார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னார். "மீ, நாக்கிங். ஆல் மை லைஃப், நாக்கிங்."

இருவரும் கண்ணாடியில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சம்பந்தி தட்டியே ஆயுளைக் கழித்தவர், அவரைப் பார்த்து மகனும் தட்டக் கற்றுக்கொண்டிருக்கிறான் என்பது சலூன்காரருக்கு இப்போதுதான் புரிந்தது. அதற்கு மேல் புரிய ஒரு எழுத்தும் கீழே ஓட வேண்டியிருக்கவில்லை.

"கெட்டில்?" என்றார் சம்பந்தி, பாடம் கேட்கிற மாதிரி.

"கெட்டில் விசில்ஸ். யூ, கோ அவே."

சம்பந்தி தலையை ஆட்டி ஆட்டி அதை மனதில் வாங்கிக்கொண்டார். பிறகு சலூன்காரரின் கையைப் பிடித்து அழுத்தினார். "ஐ டெல் மை சன். டுடே."

வயிற்றிலிருந்த கல் சலூன்காரருக்கு அந்த நிமிஷம் கரைந்தது. மீதி ஷேவிங்கைச் செய்த லாகவத்தைப் பார்க்க வேண்டும். வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போனது.

மகள் வந்தபோது இரண்டு பேரும் ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அப்பா, என்ன சொன்னீங்க அவர்கிட்ட?"

"ஒண்ணும் இல்லம்மா. வெயிலைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தோம்."

"எந்த பாஷையில?"

"சுருக்கமா சொன்னாலே போதும்னு நீதானே சொன்ன."

அவள் சம்பந்தியிடம் திரும்பி இங்கிலீஷில் கேட்டாள். அவர் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, "வெதர்" என்றார்.

மகள் மேலே டி.வி.யைப் பார்த்தாள். கீழே எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி ஓரத்தில் தன்னுடைய ஒற்றை இயர்போனைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். இரண்டும் இரண்டும் நாலென்று கணக்குப் போட அவளுக்கு நேரமாகவில்லை. முகம் சிவந்தது. திரும்பி வெளியே நடந்தாள். உள்ளே இருந்த மூன்று பேரும் கடையின் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது மெதுவாக வந்து, சத்தமே இல்லாமல் சாத்திக்கொண்டது. வெளியே அவள் தோள் குலுங்குவது தெரிந்தது. சிரிக்கிறாள்.

சம்பந்தியும் அவள் பின்னால் போன பிறகு, பேப்பர் மாமா மெல்ல எழுந்து வந்தார். சலூன்காரரின் முகத்துக்கு நேராக வாயைக் கொண்டுபோய், தொண்டை நரம்பு புடைக்க, "ஆப்பரேஷன் பண்ணிட்டீங்களா? கேக்குதா இப்போ?" என்று கத்தினார்.

சலூன்காரர் காலி நாற்காலியைத் துண்டால் தட்டினார்.

"எனக்குக் காதுல என்னைக்குமே ஒரு குறையும் இல்ல மாமா. இங்கிலீஷ் படிச்சேன், அவ்ளோதான். எங்க வீட்டு டீ கழுவின தண்ணின்னு நீங்க சொன்னது உட்பட எல்லாம் கேட்டுச்சு. உங்களுக்குத்தான் காதுக்குள்ள முடி காடா மண்டிக் கிடக்கு. வந்து உட்காருங்க, வெட்டி விடுறேன்."